பின் என்ன சொல்கிறது? வைஃபை போர்டின் நிலையை வலைப்பக்கத்தில் படிக்கும் முறை

சில நூறு ரூபாய்க்கு ஒரு வைஃபை போர்டும் ஒரு ரிலேயும் வாங்கினால், வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் கைபேசியிலிருந்தே போடலாம், நிறுத்தலாம். இதைச் சொல்லித் தரும் காணொளிகள் தமிழிலேயே நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவும் ‘போடு’, ‘நிறுத்து’ என்ற இரண்டு பட்டன்களோடு முடிந்துவிடுகின்றன.

அதற்கு அடுத்த கேள்விதான் கடினமானது. மோட்டார் இப்போது ஓடுகிறதா? வீட்டில் இருப்பவருக்குச் சத்தம் கேட்கும். வெளியே இருப்பவருக்குக் கைபேசித் திரைதான் சாட்சி. அந்தத் திரை ‘ஓடுகிறது’ என்று பச்சை விளக்கைக் காட்ட, உண்மையில் மோட்டார் நின்றிருந்தால் தொட்டி காலியாகவே கிடக்கும். ‘நின்றுவிட்டது’ என்று காட்டும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீர் வழிந்து வீணாகும், கிணறு வற்றியிருந்தால் மோட்டாரே கருகிப்போகும்.

ஆகவே வலைப்பக்கம் தன் நினைவிலிருந்து பதில் சொல்லக் கூடாது. ஒவ்வொரு முறையும் அது போர்டைக் கேட்க வேண்டும். போர்டு தன் பின்னைப் படித்துச் சொல்ல வேண்டும். முடிந்தால் மோட்டாரின் பக்கத்திலிருந்தும் ஒரு சான்று வாங்கிச் சேர்க்க வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

போர்டு பற்றிச் சுருக்கமாக

வீட்டு வேலைகளுக்கு அதிகம் பயன்படுபவை ஈஎஸ்பி8266, ஈஎஸ்பி32 என்ற இரண்டு சில்லுகள். இரண்டையும் உருவாக்கியது 2008இல் ஷாங்காயில் தொடங்கப்பட்ட எஸ்ப்ரெஸிஃப் நிறுவனம். முதலாவது 2014இலும் இரண்டாவது 2016இலும் சந்தைக்கு வந்தன. ஈஎஸ்பி8266 சில்லை யுஎஸ்பி இணைப்போடும் கால்களோடும் ஒரே பலகையில் தருவதுதான் நோட்எம்சியு போர்டு. ஆர்டுயினோ மென்பொருளிலேயே இதற்கு நிரல் எழுதலாம். இந்த இரண்டு சில்லுகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கினால் போர்டு அதைக் காணாது.

பின் என்பது சில்லிலிருந்து வெளியே நீளும் உலோகக் கால். அதை ‘அவுட்புட்’ என்று நிரலில் அறிவித்தால், நிரல் சொல்கிறபடி அதில் 3.3 வோல்ட்டோ 0 வோல்ட்டோ வரும். முதலாவதை ‘ஹை’ அல்லது 1 என்றும், இரண்டாவதை ‘லோ’ அல்லது 0 என்றும் சொல்கிறோம். ஈஎஸ்பி8266இன் ஒரு பின் அதிகபட்சம் 12 மில்லிஆம்பியர் மின்னோட்டம்தான் தரும். சந்தையில் கிடைக்கும் நீல நிற 5 வோல்ட் ரிலேயின் சுருளுக்குச் சுமார் 70 மில்லிஆம்பியர் வேண்டும். அதனால்தான் ரிலேயைப் பின்னில் நேரடியாக மாட்டாமல், டிரான்சிஸ்டர் உள்ள ரிலே மாட்யூலை வாங்கி மாட்டுகிறோம்.

நிலை நான்கு இடங்களில் இருக்கிறது

‘நிலை என்ன’ என்று கேட்டால் ஒரே பதில்தான் இருக்கும் என்று தோன்றும். உண்மையில் நான்கு இடங்களில் நான்கு பதில்கள் இருக்கின்றன.

முதலாவது, நிரலில் உள்ள மாறி. ‘மோட்டார் = 1’ என்று நாம் எழுதி வைத்த குறிப்பு அது. நிரல் எப்போதோ கொடுத்த ஆணையின் நினைவு, அவ்வளவே.

இரண்டாவது, சில்லின் வெளியீட்டு ரெஜிஸ்டர். பின்னில் எந்த மின்னழுத்தத்தைத் தர வேண்டும் என்று சில்லு தனக்குள் வைத்திருக்கும் பதிவு இது. மாறியை மாற்றிவிட்டுப் பின்னுக்கு எழுத மறந்தால், முதலாவதும் இரண்டாவதும் இங்கேயே வேறுபட்டுவிடும்.

மூன்றாவது, பின்னில் உண்மையாகவே நிற்கும் மின்னழுத்தம். இதை உள்ளீட்டு ரெஜிஸ்டர் வழியாகச் சில்லு படிக்கும். பெரும்பாலும் இது இரண்டாவதோடு ஒத்துப்போகும். பின் தரையோடு ஷார்ட் ஆகியிருந்தாலோ, தாங்க முடியாத சுமை மாட்டப்பட்டிருந்தாலோ மின்னழுத்தம் இறங்கிவிடும். 3.3 வோல்ட்டில் இயங்கும் இந்தச் சில்லுகள் சுமார் 2.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் 1 என்று உறுதியாகப் படிக்கும். 0 என்று உறுதியாகப் படிக்க, சுமார் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இடைப்பட்ட மின்னழுத்தத்தில் எந்தப் பதில் வரும் என்று நம்ப முடியாது.

நான்காவது, பின்னுக்கு வெளியே இருக்கும் உலகம். ரிலேயின் தொடுமுனை ஒட்டியதா, மோட்டாரை இயக்கும் காண்டாக்டர் இழுத்ததா, மோட்டாருக்குக் கரண்ட் போனதா? பின்னை எத்தனை முறை படித்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது.

பல வலைப்பக்கங்கள் முதலாவதை மட்டும் காட்டுகின்றன. சில அதற்கும் கீழே போய், பட்டனை அழுத்தியதுமே அதன் நிறத்தை உலாவியிலேயே மாற்றிவிடுகின்றன. வைஃபை அறுந்து ஆணை போர்டுக்குப் போய்ச் சேராவிட்டாலும் அங்கே பட்டன் பச்சையாகிவிடும்.

அவுட்புட் பின்னையும் படிக்கலாம்

இன்புட் பின்னைத்தான் படிக்க முடியும், அவுட்புட் பின்னுக்கு எழுத மட்டுமே முடியும் என்ற எண்ணம் புதிதாகக் கற்பவர்களிடம் உண்டு. அது சரியல்ல. ஆர்டுயினோவில் ஈஎஸ்பி8266க்கு நிரல் எழுதும்போது, அவுட்புட் என்று அறிவித்த பின்னின் மேலேயே டிஜிட்டல்ரீட் கட்டளையைப் பயன்படுத்தலாம். அது உள்ளீட்டு ரெஜிஸ்டரைத்தான் படிக்கிறது. எனவே கிடைப்பது மேலே சொன்ன மூன்றாவது பதில், அதாவது பின்னில் நிற்கும் உண்மையான மட்டம். இதற்கென்று தனி மாறி வைத்துக் காப்பாற்ற வேண்டியதில்லை.

ஆர்டுயினோவில் ஈஎஸ்பி32ம் இப்படியே வேலை செய்யும். எஸ்ப்ரெஸிஃப் தரும் ஈஎஸ்பி-ஐடிஎஃப் கருவித்தொகுப்பில் எழுதுபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பின்னை வெறும் அவுட்புட் என்று அறிவித்தால் உள்ளீட்டுப் பக்கம் மூடியே இருக்கும். பின் 1இல் நின்றாலும் படித்தால் 0 என்றே வரும். ‘இன்புட்-அவுட்புட்’ என்ற முறையில் அறிவித்தால் சரியான மதிப்பு வரும். எப்போது படித்தாலும் 0 வருகிறது என்று குழம்புபவர்கள் முதலில் இதைச் சரிபார்க்கட்டும்.

விளக்கின் வெளிச்சத்தையோ விசிறியின் வேகத்தையோ கூட்டிக் குறைக்கும் பிடபிள்யூஎம் முறையில் டிஜிட்டல்ரீட் உதவாது. அப்போது பின் நொடிக்குப் பல நூறு முறையோ ஆயிரக்கணக்கான முறையோ 1க்கும் 0க்கும் தாவிக்கொண்டிருக்கும். படித்த கணத்தில் எது அகப்பட்டதோ அதுதான் கிடைக்கும். அங்கே நாம் கொடுத்த அளவை மாறியில் வைத்துக் காட்டுவதுதான் வழி.

எந்தப் பின்னைத் தேர்ந்தெடுப்பது

நோட்எம்சியு பலகையில் அச்சிட்டிருக்கும் எண் வேறு, சில்லின் எண் வேறு. டி1 என்று அச்சிட்டிருப்பது சில்லின் 5ஆம் பின். டி2 என்பது 4, டி5 என்பது 14, டி6 என்பது 12, டி7 என்பது 13. வலைப்பக்கத்தில் எந்த எண்ணைக் காட்டப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே பின்பற்றுங்கள். தப்பான பின்னின் நிலையைச் சரியாகப் படித்துக் காட்டுவதால் பயனில்லை.

ஈஎஸ்பி8266இல் 6 முதல் 11 வரையிலான பின்கள் நிரலைச் சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகத்தோடு இணைக்கப்பட்டவை. அவற்றைத் தொட்டால் போர்டு முடங்கிப்போகும். 0, 2, 15 ஆகிய மூன்றும் போர்டு எப்படித் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை. மின்சாரம் வரும் நேரத்தில் 0ம் 2ம் ஹையாகவும் 15 லோவாகவும் இருந்தால்தான் நிரல் ஓடத் தொடங்கும். இவற்றில் ரிலேயை மாட்டினால், கரண்ட் போய் வந்ததும் போர்டு எழுந்திருக்காமல் போகலாம். 16ஆம் பின் தொடக்கத்தில் ஹையாகவே இருக்கும். மிகவும் தொல்லை குறைந்தவை 4, 5 ஆகிய இரண்டும். ரிலேக்கு அவற்றில் ஒன்றையும், மோட்டாரிலிருந்து வரும் சான்றுக்கு 14ஐயும் ஒதுக்கலாம்.

ஈஎஸ்பி32இல் 34 முதல் 39 வரையிலான பின்கள் இன்புட்டுக்கு மட்டுமே. அங்கே ரிலேயை மாட்டினால் எதுவும் நடக்காது.

தலைகீழாக இயங்கும் ரிலே

சந்தையில் கிடைக்கும் ரிலே மாட்யூல்களில் பல, பின் லோவாகும்போது இழுக்கும், ஹையாகும்போது விடும். நோட்எம்சியுவில் உள்ள சிறிய நீல விளக்கும் அப்படித்தான், 2ஆம் பின் 0 ஆனால்தான் எரியும். ஆகவே பின்னில் 1 என்று படித்ததை அப்படியே ‘ஓடுகிறது’ என்று பக்கத்தில் எழுதினால் பதில் நேர் எதிராகிவிடும்.

இந்தத் தலைகீழ் மாற்றத்தை நிரலில் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ‘ரிலே இழுத்திருக்கிறதா’ என்ற பெயரில் ஒரு சிறு செயல்கூறு எழுதி, பின்னைப் படிப்பதும் மதிப்பைத் திருப்புவதும் அதற்குள்ளேயே நடக்கட்டும். நிரலின் மற்ற பகுதிகளும் வலைப்பக்கமும் அதை மட்டும் கேட்கட்டும். பாதித் திருப்பல் போர்டிலும் மீதித் திருப்பல் பக்கத்திலும் நடந்தால், மாட்யூலை மாற்றும் நாளில் குழப்பம் வரும்.

போர்டு தொடங்கும் கணத்தில் பெரும்பாலான பின்கள் இன்புட்டாக இருக்கும். ஈஎஸ்பி8266இல் முதலில் பின்னுக்கு 1 என்று எழுதிவிட்டு, பிறகு அதை அவுட்புட் என்று அறிவித்தால், லோவில் இழுக்கும் ரிலே ஒரு கணம் இழுத்துவிடுவதைத் தவிர்க்கலாம். மோட்டார் போன்ற சுமைக்கு அந்த ஒரு கணமும் நல்லதல்ல.

வலை வழியாகக் கேட்பதும் சொல்வதும்

போர்டுக்குள் ஒரு சிறிய வெப் சர்வர் ஓடும். ரவுட்டர் அதற்கு 192.168.1.50 போல ஓர் ஐபி முகவரி தரும். அந்த முகவரி நாளுக்கு நாள் மாறாதபடி, ரவுட்டர் அமைப்பில் இந்தப் போர்டுக்கென்று அதை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

சர்வரில் மூன்று வாசல்கள் போதும். முதலாவது வலைப்பக்கத்தைத் தரும். இரண்டாவது நிலையைச் சொல்லும். மூன்றாவது ஆணையை வாங்கும். நிலையைச் சொல்லும் வாசலில் கேள்வி வந்த அந்த நேரத்திலேயே பின்களைப் படித்து, ஜேசன் வடிவில் ஒரு வரியை அனுப்பினால் போதும். ஜேசனில் தமிழ்ப் பெயர்களும் செல்லும்:

{"ஆணை":1,"ரிலே":1,"மோட்டார்":0,"போர்டுநேரம்":8640}

இந்த ஒரு வரியிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. மோட்டாரைப் போடச் சொல்லி ஆணை வந்திருக்கிறது. ரிலேயை இயக்கும் பின்னும் இழுக்கும் நிலையில்தான் இருக்கிறது. ஆனால் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. போர்டு தொடங்கி 8640 நொடிகள், அதாவது 2 மணி 24 நிமிடம் ஆகிறது. போர்டு இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்க, மோட்டார் லைனில் மின்தடை வந்தால் இப்படித்தான் தெரியும். ஸ்டார்ட்டர் டிரிப் ஆகியிருந்தாலும் இதே வரிதான் வரும். ‘ஆணை’ மட்டும் காட்டும் பக்கம் இந்த நேரத்தில் ‘மோட்டார் ஓடுகிறது’ என்று சொல்லியிருக்கும்.

எழுத்துகள் உடைந்து தெரியாமலிருக்க, பக்கத்திலும் ஜேசன் பதிலிலும் யுடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். பதிலின் தலைப்பில் ‘நோ-ஸ்டோர்’ என்ற குறிப்பையும் சேருங்கள். பதிலைச் சேமித்து வைத்து மறுபடி காட்டாதே என்று உலாவிக்குச் சொல்வது அது. அது இல்லாவிட்டால் உலாவி பழைய பதிலையே புதிது போலக் காட்டக்கூடும்.

கேட்பது வேறு, மாற்றுவது வேறு

எச்டிடிபி முறையில் ‘கெட்’ என்ற கோரிக்கை படிப்பதற்கு, ‘போஸ்ட்’ என்ற கோரிக்கை ஒன்றைச் செய்யச் சொல்வதற்கு. 2022இல் வெளியான ஆர்எஃப்சி 9110 என்ற எச்டிடிபி தர ஆவணம், கெட் கோரிக்கையைப் ‘பாதுகாப்பானது’ என்ற வகையில் வைக்கிறது. அதாவது அதை அனுப்புபவர் எதையும் மாற்றச் சொல்லவில்லை என்று பொருள்.

எளிய எடுத்துக்காட்டு நிரல்கள் பலவற்றில் இந்த வேறுபாடு பின்பற்றப்படுவதில்லை. ஒரு முகவரியைத் திறந்தாலே மோட்டார் ஓடத் தொடங்கும்படி எழுதிவிடுகிறார்கள். இதில் ஆபத்து இருக்கிறது. கைபேசி உலாவியில் அந்த முகவரி திறந்தபடியே கிடக்கும். மறுநாள் வேறு வேலைக்காக உலாவியைத் திறக்கும்போது, அது பழைய பக்கத்தைத் தானாகவே மறுபடி ஏற்றும். யாரும் பட்டனைத் தொடாமலே மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். நிலையைப் படிப்பதற்குக் கெட், மாற்றுவதற்குப் போஸ்ட் என்று பிரித்துவிட்டால் இது நடக்காது.

ஆணையும் தெளிவாக இருக்க வேண்டும். ‘மாற்று’ என்று அனுப்பாமல் ‘போடு’ அல்லது ‘நிறுத்து’ என்றே அனுப்புங்கள். வைஃபை மந்தமாக இருக்கும்போது ஒரே ஆணை இரண்டு முறை போய்ச் சேரலாம். ‘போடு’ இரண்டு முறை போனால் கேடில்லை. ‘மாற்று’ இரண்டு முறை போனால், போட்ட மோட்டார் நின்றுவிடும். ஆணையை நிறைவேற்றியதும் போர்டு மறுபடி பின்னைப் படித்து, அந்த நிலையையே பதிலாக அனுப்ப வேண்டும். பட்டனின் நிறம் அந்தப் பதிலைப் பார்த்துத்தான் மாற வேண்டும்.

பக்கம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்

வீட்டுப் பயன்பாட்டுக்கு, பக்கம் இரண்டு நொடிக்கு ஒருமுறை நிலையைக் கேட்டால் போதும். முந்தைய கேள்விக்குப் பதில் வந்த பிறகே அடுத்த கேள்வி போகட்டும். இல்லையென்றால் மந்தமான வைஃபையில் கேள்விகள் குவிந்துவிடும். ஈஎஸ்பி8266இல் நினைவகம் குறைவு, ஒரே நேரத்தில் சில இணைப்புகளைத்தான் அது தாங்கும். வீட்டில் மூன்று, நான்கு பேர் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நிரலில் நீண்ட ‘டிலே’ கட்டளைகளைத் தவிர்க்க வேண்டும். டிலே நடக்கும் நேரத்தில் சர்வர் யாருக்கும் பதில் சொல்லாது. பத்து நொடி காத்திருக்க வேண்டுமென்றால், போர்டு தொடங்கியதிலிருந்து மில்லிநொடிகளை எண்ணும் மில்லிஸ் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் வந்ததா என்று ஒவ்வொரு சுற்றிலும் சரிபார்ப்பதே முறை. அந்தக் கடிகாரம் சுமார் 49.7 நாளில் நிறைந்து மறுபடி 0இலிருந்து தொடங்கும். ‘இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழி’ என்ற முறையில் கணக்கிட்டால் அந்த நாளிலும் பிழை வராது.

பதில் வராவிட்டால் என்ன காட்டுவது? கடைசியாகத் தெரிந்த நிலையை அப்படியே விட்டுவைப்பது மிகப் பெரிய தவறு. சில நொடிகளில் பதில் வரவில்லை என்றால் பச்சையும் சிவப்பும் மறைந்து, சாம்பல் நிறத்தில் ‘தொடர்பு இல்லை’ என்று வர வேண்டும். அதன் கீழே ‘கடைசியாகத் தெரிந்தது: ஓடியது, 4 நிமிடம் முன்பு’ என்று சிறிய எழுத்தில் காட்டலாம். ஓடுகிறது, நின்றிருக்கிறது, தெரியவில்லை என்று பக்கத்துக்கு மூன்று நிலைகள் உண்டு. மூன்றாவதை மறைக்கக் கூடாது.

போர்டுநேரத்தையும் பக்கம் கவனிக்கட்டும். சற்று முன் 8640 ஆக இருந்தது இப்போது 12 என்று வந்தால், இடையில் போர்டு அணைந்து எழுந்திருக்கிறது என்று பொருள். அப்போது ரிலே விடுபட்டிருக்கும். ‘போர்டு மறுபடி தொடங்கியது, ஆணையைத் திரும்பக் கொடுக்கவும்’ என்று சொன்னால், மோட்டார் ஏன் நின்றது என்று வீட்டார் குழம்ப மாட்டார்கள்.

வலைப்பக்கத்தைப் போர்டிலிருந்தே தருவது எளிது. பக்கத்தை வெளியே ஒரு பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் தளத்தில் வைத்து, வீட்டுக்குள் இருக்கும் எச்டிடிபி போர்டைக் கேட்க முயன்றால், உலாவி பொதுவாக அனுமதிக்காது.

கேட்காமலே சொல்ல வைப்பது

அடிக்கடி கேட்பதற்குப் பதிலாக, நிலை மாறியதும் போர்டே சொல்லும்படியும் அமைக்கலாம். வெப்சாக்கெட் முறையில் உலாவிக்கும் போர்டுக்கும் இடையே ஓர் இணைப்பு திறந்தே இருக்கும். மாற்றம் நிகழ்ந்த கணத்தில் திறந்திருக்கும் எல்லாத் திரைகளும் மாறும்.

வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் எம்க்யூடிடி பொருத்தமானது. எண்ணெய்க் குழாய்களின் நிலையைச் செயற்கைக்கோள் வழியே அறிய, 1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கிய முறை இது. போர்டு தன் நிலையை ‘புரோக்கர்’ எனப்படும் சர்வருக்கு அனுப்பும். கைபேசி அங்கிருந்து பெற்றுக்கொள்ளும். இதில் இரண்டு வசதிகள் நமக்கு முக்கியம். கடைசிச் செய்தியைப் புரோக்கர் வைத்திருந்து, புதிதாக இணைபவருக்கு உடனே தரும். போர்டு தொடர்பிழந்தால், போர்டு முன்கூட்டியே கொடுத்து வைத்த ‘நான் இல்லை’ என்ற செய்தியைப் புரோக்கர் தானே வெளியிடும். இரண்டாவதை அமைக்காமல் முதலாவதை மட்டும் பயன்படுத்தினால், அறுந்துபோன போர்டின் பழைய நிலை புதிது போலத் தெரிந்துகொண்டே இருக்கும்.

மோட்டாரையே சாட்சி சொல்ல வைப்பது

நீல ரிலேயின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று எழுதியிருக்கும். அதை நம்பி மோட்டாரை நேரடியாக அதில் மாட்டக் கூடாது. மோட்டார் கிளம்பும்போது, சீராக ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ரிலேயின் தொடுமுனை தீய்ந்து ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால், பின் ‘நிறுத்து’ என்று சொன்ன பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ரிலே காண்டாக்டரின் சுருளை இயக்க, காண்டாக்டர் மோட்டாரை இயக்குவதுதான் சரியான அமைப்பு.

காண்டாக்டரில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பல காண்டாக்டர்களில் துணைத் தொடுமுனை ஒன்று உண்டு, அல்லது தனியாக வாங்கிச் சேர்க்கலாம். காண்டாக்டர் இழுக்கும்போது அதுவும் மூடும். அதில் 230 வோல்ட் எதையும் இணைக்காமல், போர்டின் 14ஆம் பின்னுக்கும் தரைக்கும் நடுவே மட்டும் இணைத்து, அந்தப் பின்னை ‘இன்புட் புல்அப்’ என்று அறிவித்தால் போதும். காண்டாக்டர் இழுத்தால் 0, விட்டால் 1 என்று படிக்கும். மேலே காட்டிய ஜேசன் வரியில் ‘மோட்டார்’ என்ற மதிப்பு இங்கிருந்துதான், திருப்பப்பட்டு வருகிறது. மோட்டாருக்கு வரும் லைனிலிருந்தே சுருளுக்கும் கரண்ட் எடுத்தால், மின்தடை வந்ததும் காண்டாக்டர் விட்டுவிடும், பக்கத்திலும் அது தெரிந்துவிடும். வீட்டில் யாராவது ஸ்டார்ட்டர் பட்டனைக் கையால் அழுத்தி மோட்டாரைப் போட்டிருந்தாலும் தெரிந்துவிடும். அப்போது ஆணை 0, மோட்டார் 1 என்று வரும்.

கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடுவதைத் துணைத் தொடுமுனை சொல்லாது. அதற்கு மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் வேண்டும். கவ்விப் பிடிக்கும் வகைச் சென்சாரை இரண்டு வயர்களில் ஒன்றின் மேல் மட்டும் மாட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதை ஈடுசெய்து அளவு 0 ஆகிவிடும்.

230 வோல்ட் பக்கத்து வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். போர்டு, ரிலே, காண்டாக்டர் எல்லாம் மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

பூட்டு போடாமல் விடாதீர்கள்

நாம் எழுதும் சிறு சர்வருக்கு நாமாகச் சேர்த்தாலொழியக் கடவுச்சொல் கிடையாது. வீட்டு வைஃபைக்குள் இருக்கும் யாரும் அதைத் திறக்கலாம். ஆகவே ஆணை வாங்கும் வாசலுக்காவது கடவுச்சொல் வையுங்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து போர்டை இணையத்தில் திறந்து வைக்கக் கூடாது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றிப் பரவிய மிராய் என்ற தீநிரல், 2016 அக்டோபரில் டைன் என்ற நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கியபோது பெரிய தளங்கள் பலவும் மணிக்கணக்கில் முடங்கின. வெளியிலிருந்து பார்க்க விபிஎன் அல்லது குறியாக்கம் செய்த எம்க்யூடிடி இணைப்பு போதும்.

தொட்டி நிரம்பினால் நிறுத்துவதும், அதிகபட்ச நேரம் கடந்தால் நிறுத்துவதும் போர்டின் நிரலிலேயே இருக்க வேண்டும். கைபேசியின் சார்ஜ் தீர்ந்தாலும் வைஃபை அறுந்தாலும் மோட்டார் உரிய நேரத்தில் நிற்க வேண்டும்.

மாட்டுவதற்கு முன் செய்யும் சோதனை

மோட்டாருக்குப் பதிலாக ஒரு சிறு விளக்கை மாட்டி, இந்த ஐந்தையும் செய்து பாருங்கள்.

1. ஒரு கைபேசியில் போட்டுவிட்டு, இன்னொரு கைபேசியில் நிலை மாறுகிறதா என்று பாருங்கள்.

2. ரவுட்டரை அணையுங்கள். சில நொடிகளில் பக்கம் ‘தொடர்பு இல்லை’ என்று சொல்ல வேண்டும்.

3. விளக்கு எரியும்போது போர்டின் மின்சாரத்தைப் பிடுங்கி மறுபடி கொடுங்கள். பக்கம் அணைந்த நிலையைக் காட்ட வேண்டும், போர்டு மறுபடி தொடங்கியதையும் சொல்ல வேண்டும்.

4. விளக்குக்குப் போகும் லைனை மட்டும் நிறுத்துங்கள். ஆணை 1, மோட்டார் 0 என்று வர வேண்டும்.

5. பக்கத்தைப் பத்து முறை மறுபடி ஏற்றுங்கள். விளக்கின் நிலை ஒரு முறைகூட மாறக் கூடாது.

ஐந்திலும் சரியான பதில் வந்தால், அந்தப் பக்கத்தை வீட்டார் நம்பலாம். ஒன்றில் தவறினாலும் அதைச் சரிசெய்த பிறகே மோட்டாரை மாட்டுங்கள். நிலையைத் தவறாகச் சொல்லும் பக்கத்தைவிட, பக்கமே இல்லாமல் நேரில் போய்ப் பார்ப்பது பாதுகாப்பானது.